வேட்டைத் துவக்கும் வேளாண்மைக் காவலும்

அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கையில் யானைக்கூட்டம் புகுந்து மிதித்துச் சென்ற வட்டையொன்றின் வரம்பிலே நின்று உரையாடுவோர் வாயில் ஒரு வாசகம் தவறாது பிறப்பதுண்டு. “வெள்ளைக்காரன் காலத்தில இப்படியா இருந்த? நல்ல றைபிள் ஒண்டு, குறி தப்பாத வெடி ஒண்டு. அத்தோட காரியம் முடிஞ்சிது.” சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் ஒரு விவசாயி இவ்வாறு கூறுவாராயின் அதனை நாம் குறைகூறல் தகாது. அது கடன்பட்டு விதைத்தவனின் துயரக் குரல். ஆனால் அதே வாசகத்தைப் பல்கலைக்கழக விடுதியொன்றிலே, வேட்டை நூல்கள் சிலவற்றைப் படித்த பெருமிதத்தோடு ஒரு மாணவர் கூறும்போது நாம் வாளாவிருத்தல் இயலாது. ஏனெனில் அது துயரத்தின் குரலன்று. வரலாறு அறியாமையின் குரல். வெள்ளையரின் வேட்டைத் துவக்கு நமது வேளாண்மையை ஒருநாளும் காத்ததில்லை என்பதும், இனியும் காக்கமாட்டாது என்பதுமே இக்கட்டுரை நிலைநாட்ட விழையும் கருத்து.

இந்நூல்கள் புகழும் தோட்டாக்களுள் தலையாயது ஏழு மில்லிமீற்றர் மவுசர். 57 மில்லிமீற்றர் நீளமான வெற்றுறையும் ஏறத்தாழ 11 கிராம் நிறையுடைய ரவையும் கொண்ட இத்தோட்டாவை ஜேர்மனியரான போல் மவுசர் 1892இல் உருவாக்கினார். மானையோ மரையையோ மனத்திற் கொண்டு அவர் இதனைச் செய்தாரல்லர். மனிதரைக் கொல்வதற்கே செய்தார். 1893இல் ஸ்பானிய இராணுவம் இதனை ஏற்றுக்கொண்டது. 1898இல் கியூபாவில் அமெரிக்கப் படையினர் மீதும், 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் பிரித்தானியப் படையினர் மீதும் இது பாய்ந்தது. தம்மை வீழ்த்திய தோட்டாவின் திறத்தைக் கண்ட ஆங்கிலேயர் அதற்கு .275 றிக்பி என்று மறுபெயரிட்டுத் தமது வேட்டைத் துவக்கிலே ஏற்றிக்கொண்டனர். இந்தியாவில் ஜிம் கோர்பெட்டுக்கு 1907இல் பரிசாக அளிக்கப்பட்டதும் இவ்வகைத் துவக்கே. ஆபிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்பார் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுட் பெரும்பாலானவற்றை இச்சிறு தோட்டாவினாலேயே வீழ்த்தினார். சிறிய ரவை, மெல்லிய உதைப்பு, மலைபோன்ற விலங்கு, ஒரே வெடி: வேட்டைப் பிரியரின் நாவூறும் கதை இதுவே.

இக்கதை கூறாது விடுவதனை நாம் கூறுதல் வேண்டும். பெல் யானையின் மண்டையோட்டை அறுத்து மூளை அமைந்த இடத்தைக் கற்றவர். பட்டப்பகலில், அருகே சென்று, பக்கவாட்டிலும் பின்புறத்திலுமிருந்து கோணம் பார்த்துச் சுடும் பயிற்சி அவருக்கிருந்தது. அத்தகைய பயிற்சியற்றவன் கையில் அதே தோட்டா யானையின் தலையெலும்பிலே, தேன்கூடு போன்ற காற்றறைகளுக்கிடையே புதைந்துபோகும். விலங்கு சாகாது, புண்பட்டு வெகுளும். இன்னுமொன்று: பெல் கொன்றது வீர விளையாட்டுக்காக மாத்திரமன்று. தந்தம் அவரது வணிகம். ஆயிரம் யானைகளின் மரணம் ஐரோப்பியச் சந்தையிலே பியானோக் கட்டைகளாகவும் பில்லியட் பந்துகளாகவும் மாறிய பொருளாதாரத்தின் ஒரு கூறே அவர் புகழ். அப்பொருளாதாரத்தை மறைத்துவிட்டுக் குறியின் நேர்த்தியை மாத்திரம் வியப்பது கசாப்புக் கத்தியின் பளபளப்பை வியப்பதற்கு ஒப்பாகும்.

இனி இலங்கையின் “வெள்ளைக்காரன் காலத்தை” நோக்குவோம். மவுசர் தோட்டா பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, கரிமருந்துத் துவக்குகளின் காலத்திலே, மேஜர் றொஜர்ஸ் என்ற படை அதிகாரி 1400 யானைகளைக் கொன்றதாக அக்காலத்தவர் எழுதிவைத்தனர். 1845இல் ஹப்புத்தளையில் இடிவீழ்ந்து அவர் மாண்டார். நுவரெலியாவில் குடியேறியிருந்த சாமுவேல் பேக்கர், இன்றைய கல்லோயாக் காடுகளின் மேற்கெல்லையிலுள்ள நில்கலப் புல்வெளிகள் வரை வந்து வேட்டையாடி, தம் வேட்டை நூலினால் இங்கிலாந்திற் புகழீட்டினார். அந்நாளில் அரசாங்கமே யானைத் தலையொன்றுக்குச் சில ஷில்லிங் வீதம் வெகுமதி வழங்கிற்று. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ற் தரும் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குக் குறைந்த காலத்தில் வடமாகாணத்தில் மாத்திரம் 3500 யானைகள் கொல்லப்பட்டன. 1851க்கும் 1856க்கும் இடையில் தென்மாகாணத்தில் 2000க்கு மேற்பட்டவை மடிந்தன. காடுகள் கோப்பித் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. பெருந்தோட்டக்காரனுக்கு யானை தடையாயிருந்தது. அதிகாரிக்கு விளையாட்டுப் பொருளாயிருந்தது. கரைவாகுப்பற்றின் நெற்செய்கைக்காரனின் நலன் அக்கணக்கில் எங்கே இடம்பெற்றது?

விலங்குகள் அருகத் தொடங்கியதும் அதே கூட்டத்தார் காவலராக வேடம் மாற்றினர். 1894இல் தோன்றிய வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் முதல் நோக்கம் வேட்டையாடுவோருக்கு வேட்டை தொடர்ந்து கிடைக்கச் செய்தலே. யாலக் காட்டிலே ஒரு பகுதி விலங்குகளின் சரணாலயமாகவும், அதனையடுத்த பகுதி இந்நாட்டில் வதிந்த துரைமாரின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்ட இடமாகவும் வகுக்கப்பட்டன. வரலாற்றின் நகைப்புக்கிடமான திருப்பம் ஒன்றும் ஈண்டு உண்டு. தென்னாபிரிக்காவில் மவுசர் துவக்கேந்திப் போரிட்ட போயர்களை ஆங்கிலேயர் 1900இல் கைதிகளாகத் தியத்தலாவைக்குக் கொணர்ந்தனர். போர் முடிந்த பின்னரும் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இங்கேயே தங்கிவிட்ட எங்கல்பிரெக்ட் என்பவரே பின்னர் யாலக் காட்டின் முதற் காவலராக நியமனம் பெற்றார். தோற்ற போயரும் வென்ற துரையும் காட்டைக் காப்பதில் ஒன்றுபட்டனர். யாரிடமிருந்து காத்தனர்? காட்டோரத்திலே சேனை செய்து வாழ்ந்த ஏழையிடமிருந்து! உரிமப்பணம் செலுத்திக் கொன்றவன் வேட்டைக்காரன் எனப்பட்டான். வயிற்றுக்காகக் கொன்றவன் கள்ள வேட்டைக்காரன் எனப்பட்டான். மான் ஒன்றே, சாவு ஒன்றே. பெயர் மாத்திரம் வர்க்கத்துக்கேற்ப வேறுபட்டது.

நமது கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களிடையே யானை பற்றிய அறிவு இல்லாமலிருந்ததா? ஏறாவூர்ப் பணிக்கர்களை அறியாதார் இவ்வாறு ஐயுறலாம். துவக்கின்றி, தோலினால் திரித்த வார்க்கயிற்றை மாத்திரம் கொண்டு, காற்றின் திசையறிந்து பின்தொடர்ந்து, யானையின் பின்னங்காலிற் சுருக்கிட்டு அருகிலுள்ள மரத்திற் கட்டும் வித்தை அவர்களுடையது. தெனன்ற் அதனை வியந்து விரித்தெழுதியுள்ளார். பிடிபட்ட யானையின் துன்பத்தை மறைத்து இதனைப் பொற்காலமாகப் புனைதல் என் நோக்கமன்று. ஆயினும், விலங்கின் இயல்பை நுணுகி அறிந்திருந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள் தம் முன்னோரின் அறிவை மறந்து, துரைமாரின் தோட்டா எண்களை மனனம் செய்து திரிவது நாணத்தக்கது என்பதை எவர் மறுப்பர்?

உண்மையில் இன்றைய நெருக்கடி துவக்குப் பற்றாக்குறையால் விளைந்ததன்று. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காட்டை நீர்த்தேக்கமாகவும் குடியேற்றமாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாற்றிற்று. 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்காவும் 1980இல் லாகுகலைப் பூங்காவும் பிரகடனஞ் செய்யப்பட்டன. ஆனால் யானை பூங்காவின் எல்லைக் கல்லைப் படித்து நிற்கும் பிராணியன்று. ஒரு காட்டுக்கும் மறு காட்டுக்குமிடையே அது நெடுங்காலம் நடந்த வழிகளில் இன்று வயலும் வீடும் வீதியும் நிற்கின்றன. போதாக்குறைக்கு நமது ஊர்களின் குப்பையைத் திறந்த வெளியிலே குவித்து நாமே அதற்கு விருந்து வைத்தோம். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மடிந்த செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் பரவிற்று. குப்பையின் சுவையறிந்த யானை அடுத்த இரவு குடிமனைக்கு வருவதில் வியப்பென்ன?

“விவசாயிக்குத் துவக்கைக் கொடுங்கள்” என்போர் அதனால் விளையப்போவதை எண்ணிப் பார்த்ததுண்டா? என் மூத்தவாப்பா பெரும்போகக் காலமெல்லாம் வாடியிலே காவலிருந்தவர். கையிலிருந்தவை தகரமும் தீப்பந்தமும் யானைவெடியுமே. இருளிலே யானையைக் கண்ணாற் காண்பதற்கு முன் அதன் மூச்சைத்தான் கேட்கலாம் என்பார். அந்த இருட்டிலே பெல்லின் கோணத்தை எவன் பார்ப்பான்? இப்போதே பன்றிக்கும் மரைக்கும் வைக்கும் கட்டுத்துவக்கு மனிதரின் காலைச் சிதைக்கின்றது. தீனிக்குள் மறைத்து வைக்கும் வாய்வெடி யானைக்கன்றின் தாடையைப் பிளந்து, நாட்கணக்கிற் பட்டினியாற் கொல்கின்றது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இம்மோதலில் உயிரிழந்தனர். ஆயுதம் குறைவாயிருந்ததால் நேர்ந்த தொகையா இது? அன்றியும், 2009 வரை நீண்ட போரிலே துவக்கு வீடுதேடி வந்ததன் விளைவை அறிந்த கரையோரம் இது. 1990ஆம் ஆண்டை நினைவிற் கொண்டுள்ள எந்தத் தாயும், அவள் எச்சமூகத்தவளாயினும், வாசலில் மீண்டும் ஒரு துவக்கைச் சார்த்திவைக்க இசையாள்.

நாம் பின்பற்றும் மார்க்கமும் வேட்டையை முற்றாக விலக்கவில்லை. உணவுக்காக அனுமதித்தது, ஒழுங்கு விதித்தது, இஹ்ராமில் இருப்பவனுக்குத் தடைசெய்தது. ஆனால் உயிருள்ள ஒன்றை இலக்காக நிறுத்தி எய்து பழகுவதை நபிகளார் தடுத்தார்கள். நம்மவர் உண்ணாத யானையின் நெற்றியைக் குறிபார்க்கும் ஆசைக்கு அவ்வனுமதியில் இடமில்லை.

அவ்வாறாயின் விவசாயி கைகட்டி நிற்பதா என்று வினவலாம். நியாயமான வினா. யானையின் படத்தைச் சுவரிலே தொங்கவிட்டுக்கொண்டு, தலைநகரிலிருந்து விவசாயியைக் கொலைகாரன் என்போரும் நமது எதிர்வாதிகளே. ஓரிரவில் ஒரு போகத்தின் உழைப்பை இழப்பவனுக்கு உபதேசம் ஈடாகாது. ஆனால் வழி இல்லாமலில்லை. பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020இல் வரைந்த தேசியச் செயற்றிட்டம், காட்டின் நடுவிலன்றி ஊரையும் வயலையும் சுற்றியே மின்வேலி அமைத்தலை வலியுறுத்துகின்றது. வயல் வேலியை விதைப்புக் காலத்தில் நாட்டி, அறுவடையின் பின் கழற்றிவிட்டால், எஞ்சிய தாளை யானை மேய்ந்து செல்லும். வேலியைப் பராமரிப்போர் வட்டையின் விவசாயிகளே. இத்துடன் திறந்த குப்பைமேடுகள் மூடப்படல் வேண்டும். பயிரழிவுக்கும் உயிரிழப்புக்கும் நட்டஈடு தாமதமின்றிக் கிடைத்தல் வேண்டும். இவற்றைக் கேட்டுப் போராடுவது தோட்டா கேட்பதைவிடக் கடினம். ஏனெனில் தோட்டா ஒருவன் கைக்குரியது, வேலியோ ஊர் ஒன்றுகூடிச் செய்ய வேண்டியது.

காட்டை அழித்து ஆதாயம் கண்டோர் வேறு. அதன் விலையை இரவிரவாகக் கொடுப்போர் வேறு. அவ்விலையை வாங்க வரும் யானையைச் சுட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்பது, கணக்கை எழுதியவனைக் காப்பாற்றும் வாதமேயாகும். மாணவ நண்பர்களே, துரைமாரின் வேட்டைக் கதைகளை நூலகத்தில் படியுங்கள், வேண்டாமென்பாரில்லை. ஆனால் அடுத்த பெரும்போகத்தில் ஓர் இரவாவது நிந்தவூர் வட்டையிலே காவலிருந்துவிட்டு வந்து, அக்கதைகளை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.