கதைப்புத்தகம் வாசிக்கிற பிள்ளைக்கு ஏச்சு எதற்கு?

பெற்றோர் கூட்டங்களில் ஆசிரியர்களாகிய எங்களிடம் அடிக்கடி வருகிற முறைப்பாடு ஒன்று இருக்கிறது. “சேர், இவனுக்கு டிராகன் பைத்தியம் பிடிச்சிருக்கு. கணக்குக் கொப்பியிலயும் அதைத்தான் கீறுறான். கொஞ்சம் ஏசி விடுங்க.”

ஏசமாட்டோம். ஏன் என்று இங்கே சொல்கிறோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பிள்ளைகளைப் பிடித்திருக்கிற அந்தத் தொடரின் பெயர் ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’. பலர் இதைப் படம் என்றுதான் நினைக்கிறார்கள். 2010இல் ட்ரீம்வர்க்ஸ் அதைக் கார்ட்டூன் படமாக எடுத்தது. 2025இல் நடிகர்களை வைத்து மறுபடியும் எடுத்தார்கள். ஆனால் அது முதலில் புத்தகம். இங்கிலாந்து எழுத்தாளர் கிரெசிடா கோவெல் 2003 முதல் 2015 வரை எழுதிய 12 புத்தகங்கள். படங்களையும் அவரே கீறினார். ஆங்கிலம் ஓடுகிற பிள்ளை அதை வாசிக்கிறது. ஓடாத பிள்ளை பக்கத்தில் குந்தி, படத்தைப் பார்த்துக்கொண்டு கதை கேட்கிறது.

முதல் குற்றச்சாட்டு: “இது படம் பார்க்கிறது, வாசிப்பு இல்லை.”

அந்தப் படங்களை ஒருமுறை திறந்து பாருங்கள். பளபளப்பான படங்கள் இல்லை. மை சிந்திய கறை, கோணல் கோடு, கிறுக்கல், கையெழுத்தில் குறிப்புகள். கதாநாயகனான பையனே எழுதிக் கீறி வைத்த கொப்பி போல இருக்கும். பார்க்கிற பிள்ளைக்கு “இது என்னாலும் ஏலும்” என்று தோன்றுகிறது. உடனே பென்சிலை எடுக்கிறது. தன் டிராகனுக்கு ஒரு பெயர் வைக்கிறது, அது என்ன சாப்பிடும், எவ்வளவு வேகமாகப் பறக்கும் என்று பக்கத்தில் எழுதுகிறது. “கட்டுரை எழுது” என்றால் நாலு வரியில் நின்றுவிடுகிற பிள்ளை, யாரும் கேட்காமலே இரண்டு பக்கம் எழுதுகிறது. இதைக் குழப்படி என்பதா?

இன்னொன்று. படத்தில் வருகிற டூத்லெஸ் பெரிய கறுப்பு டிராகன், அரிய இனம். புத்தகத்தில் அது சின்னஞ்சிறியது, பல்லில்லாதது, சொல்வழி கேளாதது. எது சரி என்று இடைவேளையில் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்வதை ஒப்பிட்டு, காரணம் காட்டி வாதாடுகிறார்கள். உயர்தரத்தில் இலக்கியம் படிக்கிற மாணவரிடம் நாங்கள் எதிர்பார்ப்பதும் இதைத்தான்.

இரண்டாவது குற்றச்சாட்டு: “பொய்க்கதை. டிராகன், மந்திரம் எல்லாம் பிள்ளையின் ஈமானுக்குக் கேடு.”

இந்தக் கவலையை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. பிள்ளை என்ன வாசிக்கிறது என்று உம்மாவும் வாப்பாவும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இந்தக் கதையில் டிராகன் வணங்கப்படுகிற ஒன்று அல்ல, அது ஒரு பிராணி. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கதை எது, உண்மை எது என்று தெரியும். உம்மும்மாமார் சொன்ன சிந்துபாத் கதையில் யானையைத் தூக்கிக்கொண்டு பறக்கிற பறவை வந்தது. அதே சிந்துபாத் ஆறாவது பயணத்தில் கரை ஒதுங்கியது செரண்டிப்பில், அதாவது நமது இந்த நாட்டில். மிருகங்கள் பேசுகிற ‘கலீலா வ திம்னா’வை எட்டாம் நூற்றாண்டிலேயே இப்னுல் முகஃப்பஃ அரபிக்குக் கொண்டுவந்தார். அதற்குப் படம் வரைந்த பழைய பிரதிகள் இன்றும் இருக்கின்றன. கற்பனைக் கதையும் அதற்குப் படமும் எமக்குப் புதிதல்ல.

சரி, இந்தக் கதை பிள்ளைக்கு என்னதான் சொல்கிறது? ஹிக்கப் ஒரு தலைவரின் மகன். பலசாலியும் இல்லை, பெயர் பெற்றவனும் இல்லை. தொடரின் நடுவில் அடிமைகளுக்குப் போடுகிற குறி அவன் மேலும் விழுந்துவிடுகிறது. அதன்பிறகு அடிமைத்தனம் அவனுக்கு மற்றவர்களின் பிரச்சினையாக இருக்கவில்லை. பலவீனமானவனைச் சிரிக்காதே, அடக்கப்பட்டவன் பக்கம் நில் என்று சொல்கிற கதையைப் பிள்ளையின் கையிலிருந்து பறித்துவிட்டு, அதே பாடத்தை ஒழுக்கக் கல்வி என்று கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கச் சொல்வதில் என்ன நியாயம்?

மூன்றாவது குற்றச்சாட்டு: “தரம் 5 பரீட்சை வருது. இப்ப எதுக்குக் கதை?”

நேராகவே சொல்கிறோம். புலமைப்பரிசில் வினாத்தாளில் பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடம் பெரும்பாலும் கேள்வியை வாசித்து விளங்குகிற இடம். நீண்ட வசனத்தைக் கண்டால் பயப்படுகிற பிள்ளைக்குப் பத்து மாதிரி வினாத்தாள் கொடுத்தாலும் அந்தப் பயம் போகாது. விரும்பி வாசித்த பிள்ளைக்கு அந்தப் பயம் குறைவு. பாடசாலை விட்டால் ரியூஷன், ரியூஷன் விட்டால் மத்ரஸா, பிறகு வீட்டுவேலை, பிறகு தூக்கம். அதற்குள் பிள்ளை திருடி எடுத்த அரை மணித்தியாலத்தையுமா பறிக்கப் போகிறீர்கள்?

முதல் புத்தகத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டிராகனைப் பழக்குவது எப்படி என்று ஒரு பேராசிரியர் எழுதிய நூலை ஒரு நூலகத்திலிருந்து களவெடுத்து வந்து பையன்களிடம் கொடுக்கிறார்கள். திறந்து பார்த்தால் அதில் இருக்கிற ஒரே ஆலோசனை, சத்தம் போடு என்பதுதான். அது ஹிக்கப்புக்கு உதவவில்லை. அவன் டிராகனின் மொழியில் பேசிப் பார்க்கிறான், பகிடி சொல்லிப் பார்க்கிறான், வழி கண்டுபிடிக்கிறான். அந்தப் பேராசிரியரின் மாணவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை எந்த மொழியில் மகிழ்கிறது என்று கேட்கமாட்டார்கள். சத்தம் மட்டும் போடுவார்கள்.

இதை எழுதிய கோவெல் 2019 முதல் 2022 வரை பிரித்தானியாவின் சிறுவர் இலக்கிய விருதாளராக இருந்தவர். அந்தப் பதவியை வைத்து அவர் என்ன செய்தார்? ஆரம்பப் பாடசாலை நூலகங்களுக்கு வருடம் 10 கோடி பவுண் ஒதுக்குங்கள் என்று 2021இல் பிரதமருக்குத் திறந்த மடல் எழுதினார். ஆறு பாடசாலைகளில் முன்மாதிரி நூலகம் அமைக்கவும் முன்னின்றார்.

இங்கே ஒவ்வொரு ஒக்டோபரும் தேசிய வாசிப்பு மாதம். பதாகை கட்டுகிறோம், பேச்சுப் போட்டி வைக்கிறோம். பல இடங்களில் அப்போதும் புத்தக அலுமாரி பூட்டித்தான் இருக்கும். புத்தகம் கிழிந்துவிடுமாம். பிள்ளைகள் வாசித்துக் கிழிந்த புத்தகம் நூலகத்துக்கு இழப்பல்ல. பூட்டிய அலுமாரியில் கறையான் தின்ற புத்தகம்தான் இழப்பு.

எனவே பெற்றோரிடம் கேட்கிறோம்: டிராகன் போட்ட பேக்குக்கும் டீசேர்ட்டுக்கும் கொடுக்கிற காசில் பாதியைப் புத்தகத்துக்குக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பக்கமாவது பக்கத்தில் இருந்து கேளுங்கள். அதிபர்களிடம் கேட்கிறோம்: அலுமாரித் திறப்பை வகுப்பாசிரியரிடம் தாருங்கள். எழுத்தாளர்களிடமும் ஒரு சொல்: எங்கள் பிள்ளைகள் டிராகனுக்குப் பின்னால் போகிறார்கள் என்று கவலைப்படுவதை விட, எங்கள் கடலையும் களப்பையும் வைத்துத் தமிழில் இப்படியொரு தொடரை, படத்தோடும் பகிடியோடும் எழுதுங்கள். வாசிக்கப் பிள்ளைகள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.