டங்கன் வாங்கிய பட்டமும் நாம் சொல்லும் பாடமும்



விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு அறிவுரை சொல்ல நேரும்போது, நானும் பல ஆண்டுகளாக அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டிம் டங்கனின் வரலாற்றைச் சொல்லி வந்திருக்கிறேன். தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பட்டம் பெற்றார். ஆகையால் உயர்ந்தார் என்று முடிப்பது வழக்கம். அந்த 'ஆகையால்' சரிதானா என்னும் ஐயம் இப்பொழுது எனக்கு எழுந்துள்ளது.

டங்கன் 1976இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளுள் ஒன்றான செயின்ட் குரோயியில் பிறந்தவர். சிறு வயதில் அவர் கண்ட கனவு கூடைப்பந்து அன்று, நீச்சல். அக்காள் ஒருவர் 1988 சியோல் ஒலிம்பிக்கில் நீந்தியவர். 1989இல் வீசிய ஹியூகோ சூறாவளி அத்தீவின் நீச்சல் குளத்தைச் சிதைத்தது. கடலில் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பையனுக்குச் சுறாமீன் அச்சம். மறு ஆண்டு, அவருடைய பதினான்காம் பிறந்தநாளுக்கு முதல்நாள், தாயார் மார்பகப் புற்றுநோயால் காலமானார். அதன்பின் நீச்சல் இல்லை. பந்தைக் கையில் எடுத்ததே அதற்குப் பிறகுதான்.

1993இல் வட கரோலினாவிலுள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை! ஈராண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1995, 1996 என அடுத்தடுத்து இரு முறை அவருடைய அணி அட்லாண்டிக் கரை வட்டாரப் போட்டியின் வெற்றியாளரானது. தொழில்முறைக் குழுக்கள் வாசலில் காத்து நின்றன. அவரோ அசையவில்லை. நான்காம் ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.8 புள்ளிகளும் 14.7 மீள்பந்துகளும் எடுத்து, நாட்டின் சிறந்த கல்லூரி வீரர் விருதுகளை வென்று, உளவியலில் பட்டமும் பெற்று, 1997இல்தான் வெளியேறினார். சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் குழு அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மாணவராக இருந்தபோதே, தற்பெருமை பேசுவோரைப் பிறர் எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பது பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றில் பங்கெடுத்திருக்கிறார். களத்தில் அவர் காட்டிய அமைதியைக் கண்டவர்களுக்கு இச்செய்தி சற்றே புன்னகை வரவழைக்கும்.

சரி, பட்டம்தான் காரணமா? கெவின் கார்னெட் 1995இலும் கோபி பிரயன்ட் 1996இலும் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே தொழில்முறை ஆட்டத்திற்குச் சென்றவர்கள். அவர்களும் வாகை சூடினார்கள். புகழ் மண்டபத்தின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் மூவர் பெயரும் ஒன்றாகவே இடம்பெற்றது. பட்டம் இல்லாத இருவரையும் மறைத்துவிட்டு மாணவரிடம் டங்கனை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

இன்னொன்றையும் நாம் சொல்வதில்லை. அக்காலத்தில் கல்லூரி வீரருக்குக் கல்வி உதவித்தொகைக்கு மேல் ஊதியம் கிடையாது. ஆட்டங்களை ஒளிபரப்பிய தொலைக்காட்சி சம்பாதித்தது, பயிற்றுநர்கள் சம்பாதித்தார்கள். முழங்கால் ஒன்று முறிந்திருந்தால் டங்கனுக்கு என்ன மிஞ்சியிருக்கும்? தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு வீரர்கள் பொருளீட்ட 2021இல்தான் வழி திறந்தது. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரும் நிலை 2025இல் வந்தது. எனவே அவர் தங்கியதைத் தியாகம் என்று மட்டும் போற்றுவது, அத்தியாகத்தால் ஆதாயம் அடைந்தவர்களை மறப்பதாகும்.

ஆயினும் அவர் தங்கியது தவறென்று நான் கருதவில்லை. பிரயன்டின் தந்தையே தொழில்முறை ஆட்டக்காரர்; மகன் பந்தோடு வளர்ந்தவர். டங்கனோ பதினான்கு வயதில் தொடங்கியவர். அவருக்கு வேண்டியிருந்தது காலம். அந்த நான்கு ஆண்டுகள் அதைக் கொடுத்தன. பட்டம் உடன் வந்தது. பின்னர் ஒரே குழுவில் 19 பருவங்கள், ஐந்து வெற்றிக் கிண்ணங்கள்.

என் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியை அவளுடைய தாயார் வலைப்பந்துக் குழுவிலிருந்து விலக்கிவிட்டார். சேர்ந்து மூன்று மாதந்தான் ஆகிறது. இன்னும் பந்தைச் சரியாகப் பிடிக்கவும் வரவில்லை. "புள்ளியும் வரவில்லை, ஆட்டமும் வரவில்லை, எதற்கு ஆசிரியை?" என்று கேட்டார். வரும் வெள்ளிக்கிழமை அவரை மீண்டும் சந்திக்கிறேன். டங்கனின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் இம்முறை அந்த முதல் ஆட்டத்திலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.