சென்னைப் பசங்க ஏன் இங்கிலீஷ்ல பாடுறாங்க?

காக்கநாட்டுக்குப் பொட்டி தட்ட வந்து பதினாறு வருஷம் ஓடிப்போச்சு. இன்னிக்குக் கொஞ்சம் புலம்பல், கொஞ்சம் பாவமன்னிப்பு.

போன ஞாயித்துக்கிழமை பையன் ரூம்ல ஒரே கிடார் சத்தம். பாட்டு இங்கிலீஷ்ல. "யாருடா இது, வெள்ளைக்காரனா?"ன்னேன். "இல்லப்பா, மெட்ராஸ். உங்க ஊரு"ன்னான். 'நம்ம ஊரு'ன்னு சொல்லல, கவனிச்சீங்களா?

பாடினது 'தி எஃப்16ஸ்'. 2012ல சென்னையில ஆரம்பிச்ச குழு. அவன் கேட்டது 2021ல அவங்க வெளியிட்ட 'இஸ் இட் டைம் டு ஈட் த ரிச் யெட்?'. பணக்காரங்களைத் தின்ன நேரம் வந்தாச்சாங்கிற மாதிரி தலைப்பு. விரல்விட்டு எண்ணிடலாம், அவ்வளவுதான் பாட்டு. இந்த மாதிரிக் குட்டித் தொகுப்புக்கு ஈ.பி.ன்னு பேர். நம்ம அப்பா காலத்துல பக்கத்துக்கு ரெண்டு சினிமாப் பாட்டோட 45 வேகத்துல சுத்துமே, அந்தச் சின்னத் தட்டோட பேர்தான். தட்டு போயிடுச்சு, பேர் மட்டும் நிக்குது. சினிமாத் தயாரிப்பாளர் இல்லாம சொந்தமா பாட்டு போடுற பசங்களுக்கு இதுதான் கைக்கு எட்டுற அளவு.

எனக்கு ஏறிடுச்சு. திருவனந்தபுரத்து 'அவியல்' மலையாளத்துலயே ராக் பாடி 2008ல ஆல்பம் போட்டாங்க. இதோ பக்கத்துல மட்டாஞ்சேரிக்காரர் உம்பாயி, மலையாளத்துலயே கஸல் பாடி வாழ்ந்துட்டு 2018ல போய்ச் சேந்தார். சென்னைக்காரனுக்கு மட்டும் தமிழ் கசக்குதான்னு ஒரு சொற்பொழிவு ஆத்தினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். அவன் சொந்தமா எழுதி வச்சிருந்த இங்கிலீஷ் பாட்டையும் எடுத்துக் கிண்டலடிச்சேன். (தங்கமணி முறைச்சாங்க. நான் கண்டுக்கல.)

பையன் கோபப்படல. மெதுவாச் சொன்னான்: "அப்பா, எனக்குத் தெரிஞ்ச தமிழ் 'சாப்பிட வா', 'ஃபேனை அணை', 'மார்க் என்னாச்சு'. இதுல எப்படிப்பா பாட்டு எழுதுறது?" கதவைச் சாத்திக்கிட்டான்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அவன் மலையாளத்துல சண்டை போடுறான், ஜோக்கடிக்கிறான், நாளைக்குக் காதலிக்கவும் செய்வான். தமிழ்ல நான் அவனுக்குக் குடுத்தது அதட்டலும் சினிமாப் பாட்டும்தான். சினிமாப் பாட்டு நல்லதுதாங்க, நானும் ராஜா வெறியன்தான். ஆனா அது யாரோ ஹீரோவுக்காக எழுதினது. பதினஞ்சு வயசுப் பையன் தன் மனசுல இருக்குறதைச் சொல்ல அதுல இடம் ஏது?

தமிழ்ல அப்படிப் பாடுறவங்க இல்லாமலும் இல்ல. தென்மா, கபேர் வாசுகி சேந்து 'குரங்கன்'னு தமிழ் ராக் குழு நடத்தினாங்க. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறிச்சு. இதையெல்லாம் என் வீட்டுல நான் ஒரு தடவை போட்டுக் காட்டினதில்ல. அப்புறம் பிள்ளை இங்கிலீஷ்ல பாடுறான்னு அங்கலாய்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

அதனால என் கட்சி இதுதான். வெளியூர்ல இருக்குற நாம, பிள்ளைங்க எந்த மொழியில பாடுறாங்கன்னு பாக்குறதுக்கு முன்னாடி, சொந்தமாப் பாடுறாங்களான்னு பாப்போம். பொங்கல் விழாவுல வருஷா வருஷம் சினிமாப் பாட்டுக்கு வாயசைக்க வைக்கிறோமே, அதுல ஒரு பத்து நிமிஷம் அவங்க எழுதினதுக்குக் குடுப்போம். தமிழ் தானா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சிரிச்ச வீட்டுக்கு அது கண்டிப்பா வராது.

நேத்து பையன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். 'குரங்கன்' பாட்டு ஒண்ணு போட்டுக் காட்டினேன். முழுசாக் கேட்டான். கடைசியில ஒரு தமிழ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டான்.

எனக்கும் தெரியல. ரெண்டு பேரும் அகராதியைத் தேடிக்கிட்டிருக்கோம்.