சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக ஆக்கித் தருமாறு சோழ மன்னனிடம் வேண்டியவள் மணிமேகலை. அக்காதையை நாம் வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். தேர்விலும் அது வினாவாக வருகிறது. அமுதசுரபியால் பசித்தோர்க்கு உணவளித்தாள் என்று எழுதி மாணவர் மதிப்பெண் பெறுகின்றனர். அச்சிறையில் கிடந்தோர் யாவர், அவர்கள் எவ்வாறு அங்கு வந்து சேர்ந்தனர் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. கல்லூரி மலரில் சிறைச்சாலையைப் பற்றி எழுதுவானேன் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அக்கேள்வியை இன்று கேட்க வேண்டிய இடம் பழைய புகார் நகரம் அன்று, நம் கடலூர் மாவட்டமே என்பதால் எழுதுகிறோம்.

குமராட்சியிலிருந்து மேற்கே காட்டுமன்னார்கோயில் வழியாகச் செல்லும் சாலை மீன்சுருட்டியை அடைகிறது. 1993-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்த மீன்சுருட்டிப் பகுதியில் ஓர் ஆணின் உடல் கிடந்தது. அடையாளம் தெரியாத பிணம் என்று எழுதிக் கணக்கை முடித்தனர். அவர் பெயர் ராசாக்கண்ணு. விருத்தாசலம் பக்கம் முதனை என்னும் ஊரில் வாழ்ந்த குறவர். ஒரு வீட்டில் நகை காணாமற்போயிற்று. கம்மாபுரம் காவல்நிலையத்தார் அவரைப் பிடித்துச் சென்றனர். பின்னர் அவர் தப்பியோடிவிட்டதாகக் கூறினர். அவர் மனைவி சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். பின்னாளில் நீதியரசராக விளங்கிய வழக்கறிஞர் கே. சந்துரு அவருக்காக வாதாடினார். குற்றம் புரிந்த காவலர்களுக்கு உயர்நீதிமன்றம் தண்டனை விதித்தபோது ஆண்டு 2006. இடையே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

2021-இல் வெளிவந்த ‘ஜெய் பீம்’ திரைப்படத்தால் இவ்வரலாறு உலகறிந்ததாயிற்று. படம் அவரை இருளராகக் காட்டியது. உண்மையில் அவர் குறவர். படம் பார்த்துக் கண்ணீர் சிந்தியவர் பலர். ஆயினும், நகை காணவில்லை என்றவுடன் காவல்துறையினரின் கால்கள் ஏன் முதலில் குறவர் குடிசையை நோக்கி நடந்தன என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அந்நடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1871-இல் ஆங்கில அரசு குற்றப் பரம்பரையினர் சட்டத்தை இயற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒருவன் என்ன செய்தான் என்று அச்சட்டம் கேட்கவில்லை. யாருக்குப் பிறந்தான் என்றே கேட்டது. பட்டியலிட்ட குலத்தாரின் பெயரையும் விரல் ரேகையையும் பதிவு செய்தனர். அவர்கள் அனுமதிச் சீட்டின்றி ஊர் தாண்டலாகாது; காவலர் முன் குறித்த வேளையில் வந்து நிற்க வேண்டும். இதனை எதிர்த்த மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர்ப் பிறமலைக் கள்ளர்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. 16 பேர் மாண்டனர்.

இச்சட்டத்தின் கீழ்க் குடியிருப்புகளும் அமைக்கப்பட்டன. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே அஜீஸ் நகர்க் குடியிருப்பு இருந்தது. ஆந்திரப் பகுதியில் ஸ்டூவர்ட்புரத்தை இரட்சணிய சேனையார் நடத்தினர். இங்கெல்லாம் சிறை என்ற சொல் வழங்கவில்லை. சீர்திருத்தம் என்றே வழங்கிற்று. தொழில் கற்பித்தனர், பள்ளி வைத்தனர், நிலமும் தந்தனர். வேலிக்கு வெளியே செல்லும் உரிமையை மட்டும் தரவில்லை. பழங்குடியினர்க்கு மறுவாழ்வு என்று நாம் இன்று எளிதாகப் பேசிவிடுகிறோம். அச்சொல்லை அவர்தம் பாட்டனார் வேறு பொருளில் கேட்டிருக்கின்றனர் என்பதை மறத்தலாகாது.

சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுமைக்கும் 1952-இலும் சட்டம் நீங்கியது. சட்டம் நீங்கியும் ஐயம் நீங்கவில்லை. 1948-இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இங்கு வந்துவிட்டது. பல மாநிலங்களின் சிறை விதிநூல்களில் அலைகுடிகள், குற்றப் பரம்பரையினர் போன்ற சொற்கள் தொடர்ந்து அச்சேறின. 2024 அக்டோபர் 3-ஆம் நாள், சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைக்குள் சாதி பார்த்து வேலையும் அறையும் ஒதுக்கும் விதிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உச்சநீதிமன்றம் அறிவித்தது. கைதிகளின் பதிவேட்டிலிருந்து சாதிப் பத்தியை நீக்கவும் பணித்தது. விடுதலை பெற்று எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னரே இத்தீர்ப்பு வந்தது.

இனி, கடல் கடந்து ஒரு நாட்டைப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவின் தொல்குடியினர் அந்நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர். சிறையில் இருப்போருள் மூன்றில் ஒரு பங்கினர். காவலில் இறந்த 99 தொல்குடியினரைப் பற்றி ஆராய 1987-இல் அமைந்த அரச ஆணையம் 1991-இல் 339 பரிந்துரைகளை அளித்தது. சிறை கடைசி வழியாகவே இருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதன்பின் நல்ல முயற்சிகள் பல தோன்றின. 1999-இல் அடிலெய்டு நகரத்தில் நுங்கா நீதிமன்றமும், 2002-இல் நவ்ரா என்னும் ஊரில் வட்ட அமர்வும் தொடங்கின. குற்றம் செய்தவன், தீங்குற்றவர், தொல்குடி மூத்தோர், நீதிபதி ஆகியோர் ஒரே வட்டமாக அமர்கின்றனர். நீதிபதிக்கு மேடை இல்லை. தன் பாட்டனாரை ஒத்த மூத்தவர் முகத்தைப் பார்த்து அவன் விடை சொல்ல வேண்டும். செய்த தீங்கை எவ்வாறு ஈடுசெய்வது என்று அனைவரும் கூடி முடிவு செய்கின்றனர். நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வழக்கத்தை ஒட்டி, இளஞ்சிறாரின் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டம் கூட்டும் முறையை 1989-லேயே சட்டமாக்கினர்.

மீட்டமைக்கும் நீதி என்று இதனைச் சொல்லலாம். எந்தச் சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை என்பன வழக்கமான நீதியின் கேள்விகள். யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அதனை யார் எங்ஙனம் சரிசெய்வது என்பன இதன் கேள்விகள். இசுலாமிய நெறியிலும் கொலையுண்டவரின் உறவினர் மன்னித்து ஈட்டுத்தொகை பெறுவதற்கு இடம் உண்டு என்பதை இம்மலரைப் படிக்கும் பெரியோர் அறிவர். ஆகவே கருத்து நமக்குப் புதிதன்று.

ஆனால் ஆஸ்திரேலியக் கணக்கை முழுமையாகப் பார்த்தல் வேண்டும். ஆணையம் அறிக்கை அளித்தபோது சிறையினருள் தொல்குடியினர் ஏழில் ஒருவராக இருந்தனர். இன்று மூவரில் ஒருவராக உள்ளனர். அதன்பின் காவலில் இறந்தோர் தொகை 500-ஐக் கடந்துவிட்டது. வட்ட அமர்வுகள் பயனற்றவை என்று நாம் இதற்குப் பொருள் கொள்ளவில்லை. உள்ளே பத்துப் பேரைத் திருத்தி அனுப்பும்போதே வாயிலில் இருபது பேரைப் பிடித்து வந்தால் எத்திட்டம் வெல்லும்? பழங்குடியினரைப் பொறுத்தவரை மறுவாழ்வு தொடங்க வேண்டிய இடம் சிறையின் உள்முற்றம் அன்று, காவல்நிலையத்தின் வாயிற்படி. அங்கே முதலில் ஈடுசெய்ய வேண்டியவனும் கைதி அல்லன், அரசே ஆகும்.

இருளர் நிலையைக் காண்போம். பிச்சாவரம், கிள்ளைப் பகுதிகளில் அலையாத்திக் காட்டு நீரில் இறங்கிக் கையால் இறால் பிடிப்போர் அவர்கள். நெல்வயல்களில் எலி வளை தோண்டுவோரும் அவர்களே. மத்திய அரசு மிகவும் நலிந்த பழங்குடிகள் என வகுத்துள்ள தமிழகத்தின் ஆறு குடிகளுள் இருளரும் ஒருவர். சாதிச் சான்றுக்கே பல்லாண்டு அலைய நேர்ந்தவர்கள். இத்தகைய ஒருவரைத் திருட்டு வழக்கில் பிடித்தால், துப்புத் துலங்காத பழைய வழக்குகள் சிலவும் அவர் தலையில் ஏற்றப்படுகின்றன என்பது நெடுநாளைய குற்றச்சாட்டு. அதன் விளைவைப் பாருங்கள். 2024 சூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, முதல்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது. கொடுங்குற்றங்களுக்கு இது பொருந்தாது; ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளோர்க்கும் இல்லை. ஏற்றி வைத்த வழக்குகள் இந்தக் கதவையும் அடைத்துவிடுகின்றன. இந்தியச் சிறைகளில் இருப்போருள் நான்கில் மூவர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகளே.

சட்டத்தில் நல்ல இடங்களும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டில் முதன்முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால் அவருக்குச் சிறை இல்லை. சமுதாயப் பணியே தண்டனை. திருட்டு வழக்கைப் பொருளுக்குடையவர் சமரசமாக முடித்துக்கொள்ளவும் சட்டம் இசைகிறது. நவ்ரா ஊரின் வட்டத்தை நம் நாட்டில் வரைவதற்கு இவை போதும்.

இங்கே ஓர் ஐயம் எழும். நம் ஊர்களில் ஏற்கெனவே பஞ்சாயத்து உள்ளதே, அதுவும் இதுதானே என்பர். இல்லை. ஆலமரத்தடியில் வலியவர் திண்ணையில் அமர, எளியவர் மேல்துண்டை இடுப்பில் கட்டி நின்று, விதித்த அபராதத்தைக் கடன் வாங்கிச் செலுத்திய கதையை நாம் நன்கறிவோம். அதற்குக் கட்டைப் பஞ்சாயத்து என்று நம் மக்களே பெயரிட்டிருக்கின்றனர். மீட்டமைக்கும் நீதியில் மூன்று செய்திகள் இன்றியமையாதன: தவற்றை அச்சமின்றித் தானே ஒப்புக்கொள்ளுதல், அவன் குலத்து மூத்தோரும் வட்டத்தில் இருத்தல், உடன்படாவிடில் நீதிமன்றம் செல்லும் வழி திறந்திருத்தல். குற்றமே செய்யாதவனை வட்டத்தில் அமர்த்தி மன்னிப்புக் கேட்கச் செய்தால், அது பழைய அடியின் புதிய வடிவம். பழங்குடிப் பெண்கள்மீது நிகழும் வன்கொடுமைகளை இவ்வழியில் ‘பேசி முடிப்பதற்கு’ நாம் ஒருபோதும் உடன்படோம். அதற்கென 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது.

மறுவாழ்வு எத்தன்மையதாக இருக்க வேண்டும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. பாம்புத்தோல் விற்றுப் பிழைத்த இருளரின் தொழிலை 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் குற்றமாக்கிவிட்டன. நேற்றுவரை கைத்தொழில், மறுநாள் சிறைக்குரிய செயல். 1978-இல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ரோமுலஸ் விட்டேக்கர் இதற்குத் துணைநின்றார். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்துவந்து, நஞ்செடுத்து, சில வாரங்களில் காட்டில் விட்டுவிடுகின்றனர். பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் நாம் போட்டுக்கொள்ளும் ஊசிமருந்து இந்நஞ்சிலிருந்தே செய்யப்படுகிறது. வயல் வரப்பில் கடியுண்டு உயிர் பிழைத்த நம்மூர் உழவர் பலர், அறியாமலே இருளருக்குக் கடன்பட்டவர்கள். இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவரும் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். இங்கே எவரும் இருளரை மாற்ற முயலவில்லை. சட்டம் குற்றம் என்ற திறமைக்கே கூலியும் மதிப்பும் தந்தனர். சிறையில் கூடை முடையக் கற்பித்து, வெளியே வந்தபின் வாங்குவாரின்றி விட்டுவிடும் திட்டங்கள் இதனைக் கண்டு கற்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. திண்டிவனத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா. கல்விமணி, கல்யாணி என்று அறியப்பட்டவர், 1990-களில் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டினார். பாடம் நடத்திய நேரம் போக, சான்றிதழுக்கும் வழக்குக்கும் அம்மக்களோடு அலுவலகங்களுக்கு நடந்தார்.

நம் கல்லூரியால் இயல்வது யாது? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பழங்குடியினர்க்கும் காவலில் உள்ளோர்க்கும் இலவச வழக்கறிஞரைப் பெறும் உரிமையை அளிக்கிறது. சிதம்பரம் நீதிமன்றத்திலேயே வட்டச் சட்டப்பணிகள் குழு இயங்குகிறது. மனு எழுதத் தெரியாமையால் அவ்வுரிமையை இழப்போர் பலர். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் குமராட்சி ஒன்றியத்தின் இருளர், குறவர் குடியிருப்புகளுக்குச் சென்று யார் யார்மீது எத்தனை வழக்கு உள்ளது, வழக்கறிஞர் உண்டா, அடுத்த வாய்தா எப்போது என்று எழுதி வந்து அக்குழுவிடம் சேர்க்கலாம். தமிழ்த்துறை மாணவர்க்கு மனு எழுதுதல் பாடத்திலேயே உள்ளது. ஊர்ப் பெரியவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்று: வீட்டில் பொருள் காணாமற்போனால், புகார் மனுவில் சான்றின்றி எக்குலத்தின் பெயரையும் சந்தேகமாக எழுதித் தராதீர்கள். ராசாக்கண்ணுவின் குடிசைக்குக் காவலர்கள் சென்றதும் ஒரு நகைப் புகாரின் பேரில்தான்.