கேளாத ஓசை



கிறிஸ்து பிறப்புத் திருப்பலியின் முடிவில் பாடற்குழுவினருக்கு நன்றி நவின்றோம். பாடியோர், ஆர்மோனியம், வயலின், தபேலா வாசித்தோர் யாவரையும் குறிப்பிட்டோம். பேஸ் கிட்டார் வாசித்த இளைஞனை மறந்தோம். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அன்று தாளம் ஒரு பக்கமும் குரல்கள் ஒரு பக்கமுமாய்ப் பாடல்கள் தள்ளாடின.

மாலையில் அவன் இல்லம் சென்றோம். "சாமி, நான் வாசிப்பது ஒருவருக்கும் கேட்பதில்லை. தவறினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்" என்றான்.

அவன் கூறியது மெய்யே. அக்கருவியின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறையே அதிர்கிறது. நம் ஆலயத்துக் கூம்பு ஒலிபெருக்கி அத்துணைத் தாழ்ந்த ஓசையை வெளியிட வல்லதன்று. ஆயினும் அவ்வோசையன்றோ தாளத்தையும் இசையையும் பிணைத்து நிறுத்துகிறது! பாடுவோர் அதன்மேல் நின்றே பாடுகின்றனர். நிற்கும் தரையை எவரும் நோக்குவதில்லை.

உடலில் வலுவற்றவையாய்த் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை எனப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் போதிக்கிறார். இதைப் பன்முறை பிரசங்கித்த நாமே மறந்தோம். அவனிடம் மன்னிப்பு வேண்டினோம். அவனும் திரும்பி வந்தான்.

உங்கள் இல்லத்திலும் ஓசையின்றி உழைப்பவர் ஒருவர் உண்டு. விடியுமுன் அடுப்பு மூட்டும் தாயாக இருக்கலாம். மணமாகாது குடும்பம் தாங்கும் தமக்கையாக இருக்கலாம். அவர் ஓய்ந்த பின்னரோ நன்றி கூறுவது? இன்றிரவு குடும்பச் செபத்தில் அவர் பெயரைச் சொல்லி இறைவனுக்கு நன்றி செலுத்துங்கள்; அவர் காதிலும் அது விழட்டும்.