பட்டம் பறக்குமா?

ஏர்வாடியில் நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்து விமானம் ஒன்று இரைந்துகொண்டு போயிற்று. அண்ணாந்து பார்த்தவள் கேட்டாள்:

"ஏன் தம்பி, காலேஜிலே விமானப் படிப்பு மூணு வருஷமாமே? மவனைச் சேர்த்தா பைலட் வேலை நிச்சயந்தானே?"

கேட்கும்போதே அவள் விரல்கள் கழுத்துச் சங்கிலியைத் தடவின. எனக்குச் 'சொரேர்' என்றது.

நம் நாட்டில் விமானம் ஓட்ட வேண்டியது லைசென்ஸ், பட்டம் அல்ல. பிளஸ் டூ படிப்பு, சர்க்கார் பரீட்சைகள், வைத்தியப் பரிசோதனை, 200 மணி நேரம் பறந்த கணக்கு எல்லாம் வேண்டும். வெறும் வகுப்பறைப் பட்டம் என்றால் பறக்கும் செலவு தனி. பிறகு பெரிய விமானத்துக்கென்று தனிப் பயிற்சி, அதற்கும் பணம்! அமெரிக்காவில் சங்கதி வேறு. அங்கீகாரம் பெற்ற விமானப் பட்டம் இருந்தால் அங்கே 1,500 மணிக்குப் பதில் 1,000 மணி பறந்தாலே கம்பெனி விமானத்தில் உட்காரலாம். அந்தச் சலுகை இங்கே கிடையாது.

பக்கத்து ராமேஸ்வரத்து அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தவர். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். இருந்தவை 8 இடங்கள். அவர் வந்தது 9-ஆவதாக.

"அப்போ பட்டமே வேணாங்கிறீகளா?"

"வேண்டாம் என்பேனா, அம்மா? பைலட் வேலை கிடைக்காவிட்டால் வேறு உத்தியோகத்துக்கு உதவும். ஆனால் முதலில் கண்ணையும் காதையும் காட்டிவிடுங்கள். நிறம் பிரித்துப் பார்க்க முடியாவிட்டால் மற்றச் செலவெல்லாம் வீண்."

"மவன் கண்ணாடி போட்டிருக்கானே!"

"கண்ணாடி போட்டுப் பார்வை சரியாக இருந்தால் பாதகமில்லை."

அம்மாளின் கை சங்கிலியை விட்டுவிட்டுக் கீரைக்குத் திரும்பிற்று.