ஏதிலியும் குற்றவாளியும் ஒன்றா?

நுழைவிசைவு நாள் முடிந்தும் அயல்நாட்டில் தங்கிவிட்டவன் ஒருவன். உயிரொன்றையே கையிற் பிடித்துக்கொண்டு, தாளேதுமின்றிப் படகேறி, தனுக்கோடி மணலில் வந்திறங்கியவன் மற்றொருவன். இவ்விருவரையும் ‘சட்டமீறிக் குடியேறியவர்’ என்னும் ஒரே பெயராற் கட்டியது, 2003-ஆம் ஆண்டின் இந்தியக் குடியுரிமைச் சட்டத் திருத்தம். 1983-இல் கொழும்பு பற்றியெரிந்தபோது எந்த அலுவலகத்தில் நின்று முத்திரை பெறுவது? முறையாக வானூர்தியில் வந்தவர்க்கோ, ஊரிற் போர் ஓயுமுன்னே இசைவு நாள் ஓய்ந்தது!

அப்பெயர் பூண்டவர் குடியுரிமை வேண்டி எழுதவும் இயலாது. அந்நஞ்சு பிள்ளைக்கும் இறங்குகிறது. தாய் இந்தியக் குடிமகளேயாயினும், தந்தைமேல் அப்பெயர் இருப்பின், 3-12-2004 முதல் இம்மண்ணிற் பிறந்த குழந்தைக்கும் பிறப்பாற் குடியுரிமை இல்லை.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பாக்கிசுத்தான், வங்காளதேயம், ஆப்கானிசுத்தான் ஆகிய நாடுகளினின்று வந்த சில சமயத்தார்க்கு அப்பெயரை நீக்கிற்று, ஈழத்தவர்க்கு நீக்கவில்லை. தில்லிக்குக் காபூல் தெரிகிறது. தலைமன்னார் தெரியவில்லை போலும்!

2025-இல் ஓர் ஆணை வந்தது. 9-1-2015-க்குள் வந்து பதிவுசெய்துகொண்ட ஈழத்தமிழர்க்குக் கடவுச்சீட்டும் இசைவும் இல்லாமைக்குரிய ஒறுப்பு இல்லையாம். நன்று. ஆயின் அது சிறைக்கு விலக்கேயன்றிக் குடியுரிமையன்று. ஒறுப்பை நீக்கியோர் அப்பெயரையும் நீக்கி, நாற்பதாண்டு இங்கு வாழ்ந்தவரின் வேண்டுகையை வாங்கட்டும்.